கசகசாப் பூவும் மாதுளம்பழமும்: பிரீ-ராஃபேலைட் ஓவியங்களில் மலர்களையும் தொன்ம மாந்தரையும் படிப்பது எப்படி?

லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் உள்ள ஓர் ஓவியத்தில், சிவப்புப் புறா ஒன்று வெள்ளைப் பாப்பிப் பூவை அலகில் கவ்வி வந்து, கண்மூடி அமர்ந்திருக்கும் பெண்ணின் கைகளில் போடுகிறது. கிறிஸ்தவ ஓவியங்களில் புறா வெள்ளையாக இருக்கும். அது தூய ஆவி. பாப்பிப் பூ என்றால் சிவப்புதான் நினைவுக்கு வரும். இங்கே இரண்டின் நிறமும் இடம் மாறிக் கிடக்கிறது. தாந்தே கேப்ரியல் ரோசெட்டி 1864 வாக்கில் தொடங்கி 1870 வாக்கில் முடித்த 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' இது.

நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா எந்தச் செடியின் விதையோ, அந்தச் செடியின் பூதான் அந்த வெள்ளைப் பூ. அபினும் அதே செடியின் காயிலிருந்துதான் வருகிறது. படத்தில் இருக்கும் முகம் ரோசெட்டியின் மனைவி எலிசபெத் சிட்டாலுடையது. 1862 பிப்ரவரியில் லாடனம் என்ற அபின் கரைசலை அளவுக்கு மீறிக் குடித்து இறந்தவர் அவர். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் பூவுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பூவின் பொருள் பூவுக்குள் இல்லை; ஓவியர் எந்தக் கதையைப் படித்துவிட்டுத் தூரிகையை எடுத்தார் என்பதில் இருக்கிறது. 'ரோஜா என்றால் காதல், லில்லி என்றால் தூய்மை' என்ற பட்டியலை வைத்துக்கொண்டு படம் பார்க்கப் போனால் பாதி இடத்தில் தவறாகப் படிப்போம். கீழே உள்ள வரிசையில் அந்தப் பட்டியல் கடைசியாகத்தான் வருகிறது, காரணத்தோடு.

எந்த ஓவியங்கள், என்னென்ன தேவை

1848-இல் லண்டனில் உருவான பிரீ-ராஃபேலைட் ஓவியர் குழுவும் (ரோசெட்டி, மில்லே இதில் இருந்தவர்கள்), அவர்கள் வழியில் பின்னால் வந்த ஜான் வில்லியம் வாட்டர்ஹவுஸ் போன்றோரும் பழகுவதற்கு ஏற்றவர்கள். செடியை நேரில் வைத்துப் பார்த்து வரைந்தவர்கள் என்பதால், இலையையும் இதழையும் வைத்து இன்ன பூ என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். எழுதப்பட்ட கதைகளைத்தான் பெரும்பாலும் வரைந்தார்கள் என்பதால் மூலத்தையும் எடுத்துப் பார்க்க முடியும்.

ஒரு படத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலிருந்து பெரிய அளவுக் கோப்பை எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் உதவாது: ஊதாவும் நீலமும் அதில் ஒன்றாகிவிடும், ஓரங்களும் வெட்டுப்பட்டிருக்கும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்த படங்களில்தான் சின்னங்கள் முதலில் காணாமல் போகின்றன.

படி 1: படத்தின் பிறப்புச் சான்று

ஓவியர், ஆண்டு, அளவு, தலைப்பு, எந்தக் கதையின் எந்தக் கட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் வரையப்பட்டது என்பது கிடைத்தால் அதையும் எழுதுங்கள். மாதம் ஏன்? ஜான் எவரெட் மில்லே, 'ஹாம்லெட்' நாடகத்தில் ஓடையில் மூழ்கி இறக்கும் பெண்ணைக் காட்டும் 'ஒஃபீலியா'வின் ஆற்றங்கரையை 1851-இல் ஜூலை முதல் நவம்பர் வரை இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஹாக்ஸ்மில் ஆற்றோரம் உட்கார்ந்து வரைந்தார். ஐந்து மாதத்தில் பூத்ததெல்லாம் ஒரே நாளில் பூத்ததுபோல் அந்தப் படத்தில் இருக்கிறது. இது தெரியாதவர்கள் 'காலம் கலைந்த இயற்கை, ஒஃபீலியாவின் கலைந்த மனம்' என்று எழுதிவிடுவார்கள். அழகான வாக்கியம்தான், ஆனால் காரணம் ஓவியரின் வேலை அட்டவணை.

படி 2: பெயர் சொல்லாமல் இருபது நிமிடம்

படத்தை மூன்று வரிசை, நான்கு பத்தியாகப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணில் படும் பூவைப் பெயரில்லாமல் எழுதுங்கள்: 'ஐந்து இதழ், சிறியது, நீலம், கரையோரம், வேரோடு.' பெயரை எழுதியதும் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு.

இதில் இரண்டு விஷயங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, பூ செடியில் இருக்கிறதா, பறிக்கப்பட்டதா, உதிர்ந்ததா என்பது. செடியில் இருப்பது பெரும்பாலும் இடத்தைச் சொல்கிறது. பறித்தது மனிதரின் செயலைச் சொல்கிறது. மற்றது, உடம்பில் எதைத் தொடுகிறது என்பது. கன்னத்தருகே, கழுத்தில், கைக்குள், காலடியில் என்று நான்கும் நான்கு பொருள் தரும்.

படி 3: செடியை அடையாளம் காணுதல், தமிழ்ப் பெயர்ப் பொறிகள்

தமிழில் படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் படி இது. ஐரோப்பியப் பூக்களுக்குக் கைக்குக் கிடைத்த தமிழ்ப் பெயரை வைத்துவிடுகிறோம், அந்தப் பெயர் வேறொரு செடியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

லில்லியை 'அல்லி' என்று மொழிபெயர்ப்பது மிகப் பரவலான பிழை. ரோசெட்டி 1849-50-இல் வரைந்த மரியாளுக்கு வானதூதர் நீட்டும் லில்லி, தரையில் வளரும் வெள்ளை மடோனா லில்லி. தண்ணீரில் மிதக்கும் அல்லிக்கும் அதற்கும் உறவே இல்லை. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் 'லீலிபுஷ்பம்' என்று ஒலியை அப்படியே விட்டது புத்திசாலித்தனம். நம் ஊர்த் தேவாலயங்களில் புனித அந்தோணியார் சிலையின் கையில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பூதான்.

ஹயசிந்த்தும் அப்படியே. குளத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் ஆகாயத்தாமரைக்கு ஆங்கிலப் பெயரில் இந்தச் சொல் இருப்பதால் குழப்பம் வருகிறது. அது தென் அமெரிக்கச் செடி. அப்பல்லோவின் தோழன் ஹயசிந்தஸின் இரத்தத்தில் முளைத்ததாகக் கிரேக்கர்கள் சொன்ன பூ அதுவாக இருக்க வழியே இல்லை.

சூரியகாந்தியில் தவறு நம்முடையதல்ல, ஓவியர்களுடையது. சூரியனை நேசித்துப் பூவாக மாறிய கிளைட்டியை 19ஆம் நூற்றாண்டில் சூரியகாந்தியோடு வரைந்தார்கள். சூரியகாந்தி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ரோமானியக் கவிஞர் ஓவிட் அதைக் கண்டிருக்க முடியாது. அவர் சொன்னது ஹீலியோட்ரோப். ஆக, கிளைட்டி படத்தில் சூரியகாந்தி இருந்தால் 'பண்டைய சின்னம்' என்று எழுதாதீர்கள். பின்னால் ஒட்டிக்கொண்ட வழக்கம் என்று எழுதுங்கள்.

வயலெட், பான்ஸி, டெய்சி, ஹனிசக்கிள் போன்றவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடி அலைய வேண்டாம். ஒலிபெயர்ப்பே பாதுகாப்பு.

படி 4: யார் இந்த மனிதர்?

வேலும் மயிலும் இருந்தால் முருகன் என்று குழந்தைக்கும் தெரியும். கிரேக்க, ரோமானியத் தெய்வங்களுக்கும் இதேபோல் அடையாளப் பொருள்கள் உண்டு: வீனஸுக்கு ஆப்பிள், புறா, ரோஜா, டாஃப்னிக்கு லாரல் மரம், அடோனிஸுக்கு அனிமோன். ஆனால் ஒரே ஒரு பொருளை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஆப்பிள் வீனஸுக்கும் உண்டு, ஏவாளுக்கும் உண்டு. குறைந்தது இரண்டு அடையாளங்களும் ஒரு செயலும் ஒத்துவர வேண்டும்.

லிவர்பூல் வாக்கர் கலைக்கூடத்தில் உள்ள வாட்டர்ஹவுஸின் 'எக்கோவும் நார்சிசஸும்' (1903) இதற்கு நல்ல பாடம். கதையில் எக்கோ நார்சிசஸை நேசிக்கிறாள்; அவனோ தண்ணீரில் தெரியும் தன் உருவத்தையே நேசிக்கிறான். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் மரத்தைப் பிடித்தபடி அவனைப் பார்க்கிறாள். அந்தப் பக்கம் அவன் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்க்கிறான். இந்தப் பார்வைக் கோடுகளே யார் யார் என்று சொல்லிவிடுகின்றன. அவள் பக்கத்தில் மஞ்சள் ஐரிஸ். அவன் பாதத்தருகே புல்லில் வெள்ளை நார்சிசஸ். கதைப்படி அவன் இறந்து, உடல் மறைந்த இடத்தில்தான் அந்தப் பூ முளைக்க வேண்டும். அவனோ இன்னும் உயிரோடு படுத்திருக்கிறான். முடிவு அதற்குள் காலடியில் பூத்துவிட்டது. பூவைக் கொண்டு ஓவியர் எதிர்காலத்தை நிகழ்காலத்துக்குள் வைக்கும் உத்தி இது. தொன்ம ஓவியங்களில் இதைத் தேடிப் பாருங்கள்.

படி 5: மூலக்கதையோடு ஒப்பிடுதல்

மூன்று பத்தி போடுங்கள்: கதையிலும் படத்திலும் இருப்பவை, படத்தில் மட்டும் இருப்பவை, மாற்றப்பட்டவை. பொருள் அதிகம் சிக்குவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

'ஒஃபீலியா'வையே எடுத்துக்கொள்வோம் (1851-52, 76.2 × 111.8 செ.மீ., டேட் பிரிட்டன்). ஒஃபீலியா தொன்மத்தில் வருபவள் அல்ல, நாடகத்தில் வருபவள். ஆனாலும் முறை மாறாது. 'ஹாம்லெட்' நான்காம் அங்கம் ஏழாம் காட்சியில் அரசி அவள் மரணத்தைச் சொல்லும்போது ஓடை மேல் சாய்ந்த வில்லோ மரம், மாலையாகக் கட்டிய க்ரோஃப்ளவர் என்னும் காட்டுப்பூ, தொட்டால் அரிக்கும் நெட்டில், டெய்சி, 'நீள ஊதாக்கள்' ஆகியவை வருகின்றன. ஐந்தாம் காட்சியில் ஒஃபீலியாவே பூக்களைப் பங்கு பிரிக்கிறாள். பான்ஸி எண்ணங்களுக்கு என்கிறாள். வயலெட் தர ஆசைதான், ஆனால் தந்தை இறந்தபோது எல்லாம் வாடிவிட்டன என்கிறாள். அவளை 'மே மாத ரோஜா' என்று அழைப்பவன் அவள் அண்ணன் லேயர்டீஸ்.

இப்போது படத்துக்கு வாருங்கள். கன்னத்தருகே ரோஜா, அண்ணனின் சொல். ஆடைமேல் மிதக்கும் பான்ஸி, அவளுடைய சொல். கழுத்தில் வயலெட் சரம். 'வாடிவிட்டன' என்று அவள் சொன்ன அதே பூவை மில்லே அவள் கழுத்தில் கட்டியிருக்கிறார். வயலெட்டுக்கு 'விசுவாசம்', 'இளமையில் மரணம்' என்று பொருள் சொல்வார்கள், இரண்டும் பொருந்தும். ஆனால் நாடகத்தின் அந்த ஒரு வரி இல்லாமல் அந்தச் சரத்தின் கனம் தெரியாது. இடது மேல்புறக் கிளையில் ராபின் பறவை ஒன்று; பைத்தியத்தில் அவள் பாடும் பாட்டில் 'ராபின்' வருகிறது.

படத்தில் மட்டும் இருப்பது சிவப்பு பாப்பி. மேலே சொன்ன இரண்டு காட்சிகளிலும் அந்தப் பூவின் பேச்சே இல்லை. அவள் வலக்கை அருகே மில்லே அதைச் சேர்த்திருக்கிறார், உறக்கத்துக்கும் சாவுக்கும் உள்ள பூவாக. ஃபர்கெட்-மீ-நாட்டும் அவர் கொண்டுவந்ததே. 'என்னை மறவாதே' என்ற பெயரே அதன் பொருள்.

மாறிப்போனது 'நீள ஊதாக்கள்'. ஷேக்ஸ்பியர் நினைத்தது ஒருவகை காட்டு ஆர்க்கிட் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. ஆட்டிடையர்கள் அதற்குக் கொச்சையான பெயர் வைத்திருந்தார்கள் என்று அரசியே சொல்கிறாள். மில்லே வலது ஓரத்தில் வரைந்ததோ பர்ப்பிள் லூஸ்ஸ்ட்ரைஃப் என்ற உயரமான ஆற்றோரச் செடி. இதை ஆழமான சின்னம் என்று விளக்கக் கிளம்பினால் ஓவியர் செடியை மாற்றிப் புரிந்துகொண்டதற்கு நாம் தத்துவம் எழுதியதாகிவிடும்.

படி 6: பொருளுக்கு எதை நம்புவது, எந்த வரிசையில்

முதலில் மூலக்கதை. அடுத்து ஓவியரின் சொந்தச் சொற்கள்: கடிதம், படச்சட்டத்தில் எழுதிய கவிதை. மூன்றாவது, செடியின் இயல்பு. நான்காவது, தேவாலய மரபு. ஐந்தாவதாகத்தான் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொல்லும் 'மலர் மொழி' அகராதி.

மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜி. எஃப். வாட்ஸ் 1864-இல் தன் இளம் மனைவி, நடிகை எலன் டெர்ரியை வரைந்த 'தேர்ந்தெடுத்தல்' லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது. பகட்டான சிவப்புக் காமிலியாவை மூக்கருகே கொண்டுபோகிறாள். மறுகையில், நெஞ்சருகே, சிறு வயலெட் கொத்து. காமிலியாவுக்கு வாசனை கிடையாது என்ற தோட்டக்கார அறிவு ஒன்று போதும், படம் திறந்துகொள்ளும். மணமுள்ளதைக் கையில் மறைத்துக்கொண்டு மணமில்லாததை முகர்கிறாள்.

அகராதியை ஏன் கடைசியில் வைத்தோம்? 1819-இல் பாரிஸில் சார்லட் த லாதூர் என்ற புனைபெயரில் வந்த நூலுக்குப் பிறகு ஐரோப்பாவில் மலர் மொழி நூல்கள் மளமளவென்று வந்தன. ஒன்றில் இருக்கும் பொருள் இன்னொன்றில் இருக்காது. இன்று இணையத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கேட் கிரீன்அவேயின் நூல் 1884-இல் வந்தது. 'ஒஃபீலியா' முடிந்து முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து. அந்த அகராதி ஹனிசக்கிளுக்குத் 'தாராளமான, அர்ப்பணிப்புள்ள அன்பு' என்கிறது. போர்ன்மத் ரஸ்ஸல்-கோட்ஸ் கலைக்கூடத்தில் உள்ள ரோசெட்டியின் 'வீனஸ் வெர்டிகார்டியா'வில் (1864-68) திறந்த மார்போடு நிற்கும் தேவியின் முன்னால் அதே ஹனிசக்கிளும் பின்னால் ரோஜாக்களும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. விமர்சகர் ஜான் ரஸ்கினுக்கு அந்தப் பூக்கள் கொச்சையாகப் பட்டன. வெறும் பூவைக் கண்டு ஒரு விக்டோரிய விமர்சகர் முகம் சுளிக்கிறார் என்றால் அவர் அங்கே 'அர்ப்பணிப்பு'ம் 'தாராள'மும் படிக்கவில்லை என்று தெரிகிறது.

படி 7: எல்லாவற்றையும் ஒரு படத்தில் செய்துபார்த்தல்

ரோசெட்டியின் 'ப்ராசர்பைன்': டேட் பிரிட்டனில் உள்ள பிரதி, 1874, சுமார் 125 × 61 செ.மீ. மாடல், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸின் மனைவி ஜேன்.

அளவையே முதலில் பாருங்கள். உயரம் அகலத்தைப்போல் இருமடங்கு. ஒருத்தி நிற்கத்தான் இடம். பன்னிரண்டு கட்டத்தில் தென்படுபவை: கடித்த மாதுளம்பழம், பின்சுவரில் ஐவிக் கொடி, சுவரில் சிறு ஒளித்துண்டு, முன்னால் புகையும் தூபக்கலம், மேல்மூலையில் இத்தாலியக் கவிதை. மலர் என்று எதுவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கதைக்கு வரும்போது தேவைப்படும்.

கதை: சிசிலியின் என்னா பகுதியில் பூப்பறித்துக்கொண்டிருந்த ப்ராசர்பைனைப் பாதாள அரசன் தூக்கிச் செல்கிறான். தாய் மீட்க வருகிறாள். ஆனால் மகள் அங்கே மாதுளை தின்றுவிட்டாள், அதனால் ஆண்டின் ஒரு பகுதியை அங்கேதான் கழிக்க வேண்டும். எத்தனை மணி தின்றாள் என்பதில் மூலங்கள் வேறுபடும்: ஹோமர் பெயரால் வழங்கும் கிரேக்கத் துதிப்பாடலில் ஒன்று, ஓவிட்டின் 'மெட்டமார்ஃபசிஸ்' நூலில் ஏழு. எந்த எண்ணை எழுதினாலும் எந்த நூல் என்றும் எழுதுங்கள். அந்தத் துதிப்பாடலில் அவளை இழுத்த தூண்டிலே ஒரு நார்சிசஸ் பூதான்.

பூப்பறிக்கப் போனவள், பூ ஒன்றும் இல்லாத சுவர்களுக்குள் நிற்கிறாள். இல்லாத பூவும் ஒரு சின்னமே என்று இங்கே தெரிந்துவிடும்.

இப்போது அகராதியைத் திறந்து பாருங்கள். கிரீன்அவேயில் மாதுளைக்கு 'முட்டாள்தனம்', ஐவிக்கு 'விசுவாசம், திருமணம்'. அதை நம்பினால் 'திருமணத்தில் முட்டாளாகிப்போன பெண்' என்ற மோசமான விளக்கம் கைக்கு வரும். ரோசெட்டியோ ஐவியைப் பற்றிக்கொள்ளும் நினைவின் சின்னமாகக் கொள்ளலாம் என்று தானே எழுதியிருக்கிறார். ஒளித்துண்டு மேலுலகக் கதவு ஒரு கணம் திறந்தபோது விழுந்தது, தூபக்கலம் அவள் தெய்வம் என்பதற்கு அடையாளம். செடியின் இயல்பும் அவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது: ஐவி வெயில் குறைந்த இடத்திலும் பச்சை மாறாமல் பற்றிப் படரும்.

பிறகு அருகில் போய்ப் பாருங்கள். பழத்தின் கடிவாய் மார்புக்கு நேரே தெரிகிறது; அந்தச் சதையின் சிவப்புதான் அவள் உதட்டின் சிவப்பும். படத்தில் சூடான நிறம் இந்த இரண்டு இடத்தில்தான் அழுத்தமாக விழுகிறது. ஒரு கை பழத்தை ஏந்த, மறு கை அந்த மணிக்கட்டைப் பற்றியிருக்கிறது, இன்னொரு கடி வேண்டாம் என்று தன்னையே தடுப்பதுபோல். கண் பழத்தைப் பார்க்கவில்லை.

ஜேனுக்கும் ரோசெட்டிக்கும் இருந்த நெருக்கத்தை வைத்து இந்தப் படத்தைப் படிப்பவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் அதை முதலில் எடுக்கக் கூடாது. வாழ்க்கைக் கதையில் தொடங்கினால் மாதுளை, ஐவி, தூபம் எல்லாம் கிசுகிசுவின் ஓரத்துக்குப் போய்விடும்.

சந்தேகம் வந்தால் மற்ற பிரதிகளோடு ஒப்பிடுங்கள். ரோசெட்டி இந்தப் படத்தைக் குறைந்தது எட்டு கேன்வாஸ்களில் தொடங்கியிருக்கிறார். 1882-இல் சாவதற்குச் சில நாள் முன்னால் முடித்த பிரதி பர்மிங்காமில் இருக்கிறது. அதில் கூந்தல் செம்பட்டை. மாதுளை மாறவில்லை. எது மாறலாம், எது மாறக் கூடாது என்று ஓவியரே காட்டிவிட்ட இடம் அது.

பழக எடுத்துக்கொள்ளும் வரிசை

முதலில் வாட்டர்ஹவுஸின் 'ஹைலாஸும் நீர்மகளிரும்' (1896, மான்செஸ்டர் கலைக்கூடம்). செடி வகை குறைவு, கதை சிறியது. ஹெர்க்குலிஸின் தோழன் தண்ணீர் மொள்ளப் போகிறான், குளத்துப் பெண்கள் இழுத்துக்கொள்கிறார்கள். இங்கே 'அல்லி' என்று தாராளமாகச் சொல்லலாம். வெள்ளை அல்லியின் தாவரவியல் பெயரான நிம்ஃபேயாவே நீர்மகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஏழு பெண்களின் முகத்தையும் அல்லி இலைகளின் பரவலையும் சேர்த்துப் பாருங்கள். தண்டு நீருக்கடியில் எங்கே வேர்விட்டிருக்கிறது என்பது பூவிலும் தெரியாது, அவர்களிடத்திலும் தெரியாது.

அடுத்து 'எக்கோ', பிறகு 'ஒஃபீலியா', அதன்பின் 'ப்ராசர்பைன்'. கடைசியாக, இவர்களுக்கு அரை நூற்றாண்டு முந்திய ஜெர்மானியக் கற்பனாவாதி பிலிப் ஓட்டோ ருங்கே. ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலேயில் உள்ள அவருடைய 'காலை' (1808) ஓவியத்தில் விடியல் தேவி நடுவில், மேலே குழந்தைகள் ஏறி நிற்கும் ஒளி லில்லி, கீழே புல்லில் கிடக்கும் பச்சைக் குழந்தை. ருங்கே இங்கே பழைய கதை எதையும் வரையவில்லை. தன் சின்னமொழியைத் தானே உண்டாக்கினார். ஐந்தாம் படியின் மூன்று பத்தியும் இங்கே காலியாகவே இருக்கும். ஆறாம் படியின் இரண்டாவது சான்றான அவருடைய கடிதங்களிலிருந்துதான் இங்கே தொடங்க வேண்டும்.